கடைசிப் பல்லில் நின்ற சீட்

அத்தியாயம் பதினான்கு

இன்ஜின் பிடித்துக்கொண்டது. தம்பி கிரீஸ் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவள் சிரிக்க வாய் திறந்தாள். சிரிப்பு வருவதற்குள் இன்ஜின் அடங்கிவிட்டது.

"திரும்பப் போடுக்கா."

போட்டாள். ஒரு உறுமல். அப்புறம் ஒன்றுமில்லை.

"இன்னொரு தடவை."

அதே உறுமல். அதே ஒன்றுமில்லை. தூக்கத்தில் எழுப்பினால் "ம்" கொட்டிவிட்டு மறுபடி குறட்டை விடுகிற ஆளைப் போல அது அவர்களோடு விளையாடியது.

டாஷ்போர்டுக்கு மேலே வயரில் தொங்கிக்கொண்டிருந்த மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண்ணடித்தது. விளக்குக்குள் சாவிப் படம். கிரீஸ் அதைக் குனிந்து பார்த்தான். ஆட்டம் போட்ட கை மெல்ல இறங்கித் தலைக்குப் போனது.

"அக்கா... சாவி."

"சாவிதான் போட்டிருக்கேனே."

"இந்தச் சாவி இல்ல. அந்த வண்டிச் சாவி."

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரியவள் கார் ஓட்டிப் பிழைப்பவள். சிறுநீரகம் கெட்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிவிடுவது அவள் வேலை. அவர்களுக்கு அவள் ‘டிரைவரம்மா’. போன வாரம் ஒரு மேட்டில் ஏறும்போது அவளுடைய பழைய காரின் இன்ஜின் வெடித்து, எண்ணெயும் தண்ணீரும் கலந்து சேறாகக் கக்கி, நடுத்தெருவில் உயிரை விட்டது.

அந்த இடத்தில் வைக்க, எந்நேரமும் எண்ணெய்க் கையோடு திரிவதால் ‘கிரீஸ்’ என்றே பெயராகிப்போன மெக்கானிக் தம்பி ஒரு புதிய இன்ஜினைக் காயலான் கடையிலிருந்து தூக்கி வந்தான். புதியது என்றால் கடையில் வாங்கிய புதியது இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பாலத்துச் சுவரில் மோதி நாசமான காரின் இன்ஜின். அந்தக் கார் வேறு யாருடையதும் அல்ல. கடைசித் தங்கை சின்னவளின் புருஷனுடையது. விற்பனைக் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருக்கும் அவரை வீட்டில் எல்லோரும் ‘மேனேஜர்’ என்பார்கள். அவரும் அதை மறுப்பதில்லை.

அன்று காரை ஓட்டியவள் சின்னவள், பக்கத்து சீட்டில் மேனேஜர். திருப்பத்தில் கையை விட்டுவிட்டாள். கார் சுழன்று, பின்பக்கமாகப் போய்ச் சுவரில் மோதியது. இதுதான் ஊருக்கும் உறவுக்கும் தெரிந்த கதை. பின்பக்கம் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஆனாலும் முன்னால் இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. அதே சமயம்தான் சின்னவள் வீட்டுக்குப் போயிருந்த அம்மாவும் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்துக்கு அது போதாத காலம்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு வந்தேன்க்கா," கிரீஸ் காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். "கம்ப்யூட்டர் பெட்டி, வயர் மொத்தம், பெட்ரோல் பம்பு, சாவி ஓட்டையைச் சுத்தி இருக்கிற வளையம் வரைக்கும். சாவியை மட்டும் விட்டுட்டேன். நம்ம கார்லதான் சாவி இருக்கேன்னு நினைச்சுட்டேன்."

"கல்யாணத்துக்கு எல்லாச் சாமானையும் ஏத்திட்டு மாப்பிள்ளையை விட்டுட்டு வந்த மாதிரி."

"பழைய இன்ஜின் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருப்பினாலும் ஓடும். இது அப்படி இல்லக்கா. அதோட சாவிக்குள்ள ஒரு பொட்டு மாதிரி சில்லு இருக்கு. அது பக்கத்துல வந்தாத்தான் பெட்டி, ‘சரி, நம்ம ஆளு’ன்னு விடும். இல்லேன்னா ஒரு உறுமல், அவ்வளவுதான்."

"வேற வழியே இல்லையா?"

"பெட்டியைத் திருத்தி எழுதற ஆள் ஒருத்தன் இருக்கான். அவன் வர ஒரு வாரம் ஆகும்."

 ஆஸ்பத்திரி அலுவலகத்துப் பெண் இன்று காலை போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "இத்தனை நாள் ஆட்டோ வெச்சுச் சமாளிச்சாச்சு. நாளைக் காலைல வண்டி வரலேன்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம் டிரைவரம்மா. தப்பா நினைக்காதீங்க." தப்பாக நினைக்க அதில் ஒன்றுமில்லை. அந்த நோயாளிகளால் ஒரு வாரம் காத்திருக்க முடியாது. காத்திருந்தால் செத்துப்போவார்கள்.

"சாவி அந்த உடைஞ்ச வண்டிக்குள்ளயே எங்கயாவது விழுந்து கிடக்கும்," என்றான் கிரீஸ். "நீ போய்ப் பாரு. அப்படியே ஆக்சிலேட்டர் மிதியையும் கழட்டிட்டு வந்துடு. நம்ம மிதி கம்பியில இழுக்கும். இதுக்கு மிதிலயே வயர் வேணும். எனக்கு டேங்க்குல இன்னும் வேலை பாக்கி இருக்கு, நகர முடியாது."

*

காயலான் கடையில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேனேஜரின் கார் ஓரமாக, இன்ஜின் மூடி திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல், பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது. பின் சீட்டின் ஒரு பக்கம் முன் சீட்டின் முதுகோடு வந்து ஒட்டியிருந்தது.

பெரியவள் அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். நல்லவேளை, இருந்த இரண்டு பேரும் முன்னால் இருந்தார்கள்.

சாவி இல்லை. விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள், கதவுப் பைகளில் கைவிட்டுப் பார்த்தாள், சீட்டுக்கடியில் துழாவினாள். உடைந்த கண்ணாடித் துகளும் ஒரு பேனா மூடியும்தான் கிடைத்தன. சரி, மிதியையாவது கழற்றுவோம் என்று ஸ்பேனரோடு டிரைவர் பக்கம் தலைகீழாகப் புகுந்தாள்.

இடம் தாராளமாக இருந்தது. ஆள் படுத்து உருளும் அளவுக்குத் தாராளம். மிதியின் நட்டுகளை அவிழ்த்து, வயரை உருவி, மிதியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க அந்த டிரைவர் சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தாள். பழக்கதோஷம். உட்கார்ந்ததும் கால் தானாகப் பிரேக்கைத் தேடிப் போனது.

எட்டவில்லை.

காலை நீட்டினாள். கட்டைவிரல் நுனி மட்டும் பட்டது. இடுப்பை முன்னால் நகர்த்தினால்தான் பாதம் வைக்க முடிந்தது. சீட்டுக்கடியில் இருந்த நெம்புகோலைத் தூக்கி சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்தாள். அசையவே இல்லை. இறங்கி, முழங்காலிட்டு, கீழே எட்டிப் பார்த்தாள்.

சீட்டு ஓடும் தண்டவாளத்தில் வரிசையாகப் பல் பல்லாக வெட்டியிருக்கும். எந்தப் பல்லில் கொக்கி விழுகிறதோ அங்கே சீட்டு நிற்கும். இங்கே கொக்கி கடைசிப் பல்லில் விழுந்திருந்தது. நடுவில் இருந்த பற்களில் ஒன்றுகூட உடையவில்லை. மோதிய வேகத்தில் தரைத் தகடு மேலே பொங்கி, தண்டவாளத்தை வளைத்து, கொக்கியை அதே பல்லில் நெரித்துப் பிடித்திருந்தது.

கடைக்காரர் அந்தப் பக்கம் வந்தார். "சீட்டுக்கா பார்க்கறே? விட்டுடும்மா. ரெண்டு பேர் ஆசைப்பட்டு வந்து கழட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாங்க. வெட்டித்தான் எடுக்கணும்."

"இங்க வந்தப்புறம் யாராச்சும் நகர்த்தினாங்களா?"

"எங்க நகர்த்தறது? கிரேன்ல தொங்கி வந்து இறங்கினப்பவே இப்படித்தான். யானை வந்து தள்ளினாலும் நகராது."

பெரியவள் எழுந்திருக்கவில்லை. அந்தக் கடைசிப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் குள்ளம். அக்காவின் தோளுக்குத்தான் வருவாள். அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது பெரியவள்தான். முதல் நாள் சீட்டை முன்னால் முன்னால் என்று இழுத்து, முதல் பல்லுக்கே கொண்டு வந்து, அதுவும் போதாமல் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தும் ஸ்டியரிங்குக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. "ஓட்டறியா, கட்டிப் பிடிச்சிருக்கியா?" என்று பெரியவள் கேட்க, இருவரும் சிரித்துச் சிரித்து வண்டி நின்றே போனது. ஆனால் அந்தக் கண் பார்த்த இடத்துக்குச் சக்கரம் போனது. அப்படி ஒரு கை அவளுக்கு.

அவளா இந்தச் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினாள்? இந்தச் சீட்டில் உட்கார்ந்தால் அவள் கால் பிரேக்குக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும்!

இந்தச் சீட்டுக்குப் பொருந்துகிற கால் ஒன்றுதான் அந்த வீட்டில் உண்டு. கதவு நிலையில் தலை இடிக்காமல் நுழையத் தெரியாத நெட்டைக் கால்.

பெரியவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. இரண்டு மாதமாக என்னென்ன பேச்சு! "நான் அப்பவே சொன்னேன், நானே ஓட்டறேன்னு. கேட்டாத்தானே," என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி அந்த மனுஷன் சொன்னதென்ன! உறவுக்காரர்கள் "பொம்பளை கைல ஸ்டியரிங்கைக் கொடுத்தா இப்படித்தான்" என்று உச்சுக் கொட்டியதென்ன! அக்காவின் காரில் மதிய நேரச் சவாரிக்குச் சின்னவள் வருவதாக இருந்தது. நோயாளிகள் வீட்டில், "உங்க தங்கச்சியா? வேணாம் டிரைவரம்மா, நீங்களே வாங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அதையெல்லாம் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளே அந்தப் பெண், வாயைத் திறந்தாளா?

மறுபடி அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்த விரல் திரையில் வழுக்கியது.

"சின்னவளே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு வண்டி ஓட்டினது யாரு?"

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"எதுக்குக்கா இப்ப?"

"நான் அந்தச் சீட்டுலதான் உக்காந்திருக்கேன். எனக்கே பிரேக் எட்டல."

 அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அவருக்குக் கம்பெனி வண்டியை ஓட்டிட்டு ஊர் ஊராப் போற வேலைக்கா. லைசென்ஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாலும் வேலை போயிடும். போன்ல பேசிட்டே ஓட்டினாரு. ‘அவருக்கு வேலை போகும், உனக்கு என்ன போகுது’ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு அப்ப எனக்குப் பதில் தெரியல."

"உனக்கு என்ன போகுதா?" பெரியவள் போட்ட சத்தத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏண்டி, உன் பேரு என்ன, ரோட்டுல கிடந்து எடுத்ததா? யாரு வேணும்னாலும் காலைத் துடைச்சுக்கறதுக்கு?"

"கத்தாதக்கா."

"கத்துவேன்! நீ கத்தாததுக்கும் சேர்த்து நான்தான் கத்தணும்!"

லைன் அறுந்துவிட்டது. அறுத்துவிட்டாள்.

*

பெரியவள் மிதியோடு கிரீஸின் ஷெட்டுக்குத் திரும்பியபோது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டு வந்த அம்மா ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தாள். இடது கை இன்னும் கழுத்துத் துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் மட்டும் டப்பாக்களைத் திறந்து வைத்தாள்.

"சாவி கிடைச்சுதா?" என்றான் கிரீஸ்.

"இல்ல. வேற ஒண்ணு கிடைச்சுது."

சொன்னாள். சீட்டு, கொக்கி, கடைசிப் பல், போனில் பேசியது, ஒன்றையும் விடவில்லை. கிரீஸ் முதலில் வாயைப் பிளந்தான். பிறகு கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் ஓங்கி எறிந்தான். அது தெறித்துப் போய்ப் பக்கத்து டயர் கடைக்குள் விழுந்தது. "யாருடா அது?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"நான் போய் ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"போகாத," என்றாள் அம்மா. "யார் ஓட்டினா என்ன? முடிஞ்சு போன கதை. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்ல. விடுங்க."

பெரியவள் அம்மாவையே பார்த்தாள். "முடிஞ்சு போச்சா? தினம் காலைல எந்திரிச்சதும் ‘பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்’னு நீதானே ஆரம்பிக்கறே? என்னைச் சொல்றே, சரி. அவளை எத்தனை தடவை சொன்னே? இப்ப உன் பொண்ணு ஓட்டவே இல்லன்னு தெரிஞ்சதும், ‘விடுங்க’ளா? ஒரு சந்தோஷம்கூட வரலையாம்மா உனக்கு?"

"அவ வாழ வேண்டிய பொண்ணு."

"இப்ப வாழறதுக்குப் பேரு என்ன?"

அம்மா திறந்த டப்பாவை மறுபடி மூடினாள். ஒரு கையால் மூடியதால் மூடி சரியாக உட்காரவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள்.

கிரீஸ் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன். நீ வர்றதுக்குள்ள மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சாவி கேட்டேன். அவர்கிட்டதான் இருக்காம். எடுத்துட்டு வந்துட்டே இருக்கேன்னாரு."

"வரட்டும்," என்றாள் பெரியவள். மிதியை அவனிடம் நீட்டினாள். "நீ முதல்ல இதை மாட்டு."

*

மேனேஜர் வந்தார். ஷெட்டின் தகரக் கூரைக்குக் குனிந்து, அப்படியும் நெற்றியில் இடித்துக்கொண்டு, அதை யாரும் பார்க்கவில்லை என்பது போலத் தலைமுடியைச் சரி செய்துகொண்டு வந்தார். சாவியை ஒரு விரலில் மாட்டிச் சுழற்றினார்.

"எங்கே, என் இன்ஜினைப் பார்ப்போம்."

"அது காயலான் கடை இன்ஜின் மாப்ள," என்றான் கிரீஸ், காருக்கடியிலிருந்து தலையைக் காட்டாமலே.

"கோவிச்சுக்காத மச்சான். பாசத்துல சொல்றேன். பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன் அந்த வண்டியை." பெரியவள் பக்கம் திரும்பினார். "அக்கா, சாவியைத் தாராளமா வெச்சுக்கங்க. எனக்கு எதுக்கு? ஒரே ஒரு வேண்டுகோள்தான். மதியச் சவாரிக்கு அவளை மறுபடி கூப்பிடப் போறதா பேச்சு அடிபடுது. அது மட்டும் வேண்டாம். இந்த வண்டியை அவ தொடக்கூடாது. நோயாளிங்க போற வண்டி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? ஒரு வார்த்தை சொல்லுங்க, சாவி உங்க கையில."

பெரியவள் அந்தச் சாவியைப் பார்த்தாள். கறுப்புத் தலை, அதற்குள்ளே எங்கேயோ ஒரு பொட்டு. அதைக் கை நீட்டி வாங்கிவிட்டால் விடியும்போது அவள் கார் நோயாளிகள் வாசலில் நிற்கும். வாங்காவிட்டால் வேறு யாரோ நிற்பார்கள். ‘சரி’ என்று ஒரு சொல். தங்கையின் பெயரை இன்னொரு தடவை மிதிக்கிற ஒரு சொல்.

"மாப்பிள்ளை, அப்படியே இந்தக் கார்ல ஏறி உக்காருங்களேன்."

"எதுக்கு?"

"சும்மா. உங்க இன்ஜின் ஆச்சே."

மேனேஜர் சிரித்துக்கொண்டே ஏறினார். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. கீழே கைவிட்டு நெம்புகோலைத் தூக்கி, சீட்டைப் பின்னால் தள்ளினார். அது கடகடவென்று ஓடிக் கடைசிப் பல்லில் ‘டக்’ என்று விழுந்தது.

"அந்தச் சத்தத்தைத்தான் கேக்கணும்னு நினைச்சேன்," என்றாள் பெரியவள். "உங்க வண்டியும் காயலான் கடையில அதே பல்லுல நிக்குது. கொக்கி மாட்டி, தகடு நெரிச்சு, நகராம நிக்குது. என் தங்கச்சி அந்தச் சீட்டுலயிருந்து பிரேக்கை மிதிக்கணும்னா காலுக்கு ஒரு கட்டை வெச்சுக் கட்டியிருக்கணும்."

மேனேஜரின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. "மோதின வேகத்துல பின்னாடி போயிருக்கும்."

"அப்படிப் போயிருந்தா நடுவுல இருக்கிற பல்லெல்லாம் உடைஞ்சிருக்கணுமே, ஒண்ணுகூட உடையலையே? யார் காதுல பூ சுத்தறீங்க? உங்க வேலைக்காக அவ பேரை அடகு வெச்சீங்க. சரி, பயந்துட்டீங்க, அந்த நேரத்துல சொல்லிட்டீங்க. அப்புறமாவது வாயை மூடிட்டு இருந்தீங்களா? வீடு வீடாப் போய் உக்காந்து அவளைச் சிரிப்பா சிரிக்க வெச்சீங்களே! இப்ப வந்து அவ வண்டியைத் தொடக்கூடாதா? அவ ஓட்டினா நல்லா ஓட்டுவான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுடும். அதுதானே உங்க பயம்?"

மேனேஜர் காரிலிருந்து இறங்கினார். பேச்சில் இருந்த பாசம் போய்விட்டது. "அப்ப சாவி வேண்டாம்?"

"அக்கா..." கிரீஸ் காருக்கடியிலிருந்து வெளியே வந்தான். "நாளைக்குக் காலைல..."

"தெரியும்டா." பெரியவள் சாவியிலிருந்து கண்ணை எடுத்தாள்.  "இந்த வண்டி நாளைக்குப் போகலேன்னா போகாம இருக்கட்டும். நான் போய் அவங்க வாசல்ல நின்னு, வேற ஆளைப் பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டு வரேன். அவ பேரை வித்து இந்த இன்ஜினை நான் ஓட்ட மாட்டேன். எடுத்துட்டுப் போங்க உங்க சாவியை."

"எடுத்துட்டுப் போகட்டும்க்கா. நமக்கு எதுக்கு ரெண்டு?"

எல்லோரும் திரும்பினார்கள். டயர் கடைக்கும் ஷெட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் சின்னவள் நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே கிடந்தது. ஒரு கையில் டயர் கடைக்காரர் கொடுத்தனுப்பிய கிரீஸின் ஸ்பேனர். இன்னொரு கையில் ஒரு சாவி. அதே கறுப்புத் தலை.

"அது தொலைஞ்சு போச்சுன்னு சொன்னே!" என்றார் மேனேஜர்.

"உங்க கூட இருந்து நானும் ஒண்ணு ரெண்டு கத்துக்கிட்டேன். நீங்க வீட்டுக்கு வந்து அலமாரியில சாவியை எடுத்தப்பவே எதுக்குன்னு புரிஞ்சுது."

ஸ்பேனரை அண்ணன் கையில் கொடுத்தாள். காருக்குள் ஏறினாள். பழைய காரின் சாவித் துவாரத்தில் பழைய சாவிதான் நுழையும். புதுச் சாவி பக்கத்தில் இருந்தால் போதும். கழுத்திலிருந்த நாடாவை எடுத்தாள். இரண்டு சாவியையும் சேர்த்து, தையல்காரி விரலால் ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு குனிந்து நெம்புகோலைத் தூக்கி, சீட்டை முன்னால் இழுத்தாள்.

கடகடவென்று அந்தச் சீட்டு கடைசிப் பல்லிலிருந்து முதல் பல் வரைக்கும் வந்தது. ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. மேனேஜர் வேறு பக்கம் பார்த்தார்.

சின்னவள் சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் உறுமியது. கிரீஸ் கையைத் தூக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். உறுமல் அடங்கவில்லை. இறங்கி, சீராகி, நிலைக்கு வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. அவன் அப்புறம்தான் மூச்சு விட்டான். "ஏய்! பிடிச்சுதுடா!" என்று கத்திக்கொண்டு போய் மூடியைத் திறந்து, இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"இறங்கு," என்றார் மேனேஜர். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல பேசினதெல்லாம் போதும்." ஸ்டியரிங்குக்கு மேலே சின்னவளின் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் நேராகப் பார்த்தது. "எனக்கு என்ன போகுதுன்னு அன்னிக்குத் தெரியல. இப்ப சொல்றேன். ரோட்டுல நடந்தா தலை நிமிர முடியல. துணி தைக்க வர்றவங்க கூட, கத்தரிக்கோலைப் பார்த்துப் பிடிம்மான்னு சிரிக்கறாங்க. அக்கா சொல்லிக் கொடுத்த ஒரே வித்தை, அதுவும் போச்சு. இவ்வளவு போச்சுங்க எனக்கு."

"கேட்டீங்களா?" பெரியவள் மேனேஜரின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். "‘உனக்கு என்ன போகுது’ன்னு கேட்டீங்களே அவளை. எப்படி மனசு வந்தது?"

"அக்கா." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. இன்ஜின் சத்தத்தில் அது கேட்டதே அதிசயம். "அதைக் கேட்டது இவர் இல்ல."

பெரியவளுக்குப் புரியவில்லை. மேனேஜரைப் பார்த்தாள். அவர் முதல் தடவையாக உண்மையிலேயே தரையைப் பார்த்தார்.

சின்னவள் பின்னால் கையை நீட்டி, பின் கதவைத் திறந்துவிட்டாள். டயரின் மேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சொன்னாள்:

"வாம்மா, ஏறு. மெதுவாத்தான் ஓட்டுவேன். அன்னிக்கு உக்காந்த மாதிரியே பின்னாடி உக்காரு."

குளியலறையில் வழுக்கி விழுந்து ஒடிந்ததாக அம்மா சொன்ன கை. முன் சீட்டின் முதுகோடு வந்து ஒட்டியிருந்த அந்தப் பின் சீட்டு பெரியவளின் கண் முன்னால் வந்து நின்றது. ‘நல்லவேளை’ என்று அவள் நினைத்ததும் நினைவுக்கு வந்தது.

"அம்மா?" என்றாள்.

அம்மா எழுந்தாள். துணியில் தொங்கிய கையை மறு கையால் தாங்கிக்கொண்டாள். இரண்டு பெண்களில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல், திறந்திருந்த கதவைப் பார்த்தாள்.